தூண்கள் பழையவை, மேல்தளம் புதியது: மகாத்மா காந்தி சேதுவை இடித்துக் கட்டிய முறை

பாட்னாவின் காய்காட் கரையில் நின்று வடக்கே பார்த்தால், கங்கையைக் கடந்து ஹாஜிபூர் வரை நீளும் மகாத்மா காந்தி சேதுவில் இரண்டு காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பது தெரியும். கீழே இருப்பவை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் ஆற்றில் இறக்கிய அடித்தளங்களும் அவற்றின்மேல் எழுந்த கான்கிரீட் தூண்களும். மேலே இருப்பவை 2017க்குப் பிறகு ஏற்றப்பட்ட எஃகுச் சட்டங்கள். பெயரும் தடமும் மாறவில்லை. ஆனால் வண்டிகள் ஓடிய மேற்பகுதி முழுவதும், 5,575 மீட்டர் நீளத்துக்கும், துண்டு துண்டாக அறுத்து இறக்கப்பட்டு வேறொன்றாக மாற்றப்பட்டிருக்கிறது. நூறாண்டு நிற்கும் என்ற நம்பிக்கையில் கட்டப்படும் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்துக்கு முப்பத்தைந்தே ஆண்டுகளில் ஏன் இந்த நிலை வந்தது, வந்தபோது முழுவதையும் இடிக்காமல் மேற்பகுதியை மட்டும் இடித்தது ஏன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: அந்தப் பாலம் முதலில் கட்டப்பட்ட விதத்தில்.

கங்கை பீகாரை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிக்கும் ஆறு. 1959இல் மொகாமாவில் ராஜேந்திர சேது திறக்கப்படும்வரை அந்த மாநிலத்துக்குள் கங்கையின்மேல் பாலமே இல்லை. அதன் பிறகும் பாட்னாவிலிருந்து அக்கரைக்குப் போக வேண்டியவர்கள் மகேந்துரு படித்துறைக்கும் பஹ்லேஜா படித்துறைக்கும் இடையே ஓடிய நீராவிப் படகுகளைத்தான் நம்பியிருந்தார்கள். 1972இல் தொடங்கிய சேதுவின் கட்டுமானம் பத்தாண்டுகள் நடந்து, 1982 மே மாதம் இந்திரா காந்தி அதைத் திறந்துவைத்தார். கட்டியது காமன் இந்தியா நிறுவனம். பக்கம் பக்கமாக ஓடும் இரண்டு பாதிகளில் முதலில் ஒன்றுதான் திறக்கப்பட்டது. மற்றது 1987இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. 2017இல் அசாமில் தோலா சதியா பாலம் வரும்வரை இந்தியாவில் ஆற்றின்மேல் கட்டப்பட்ட பாலங்களில் இதுவே மிக நீளமானது. இந்தப் பெருமை பாடப்புத்தகங்களிலும் பொது அறிவு வினா விடைகளிலும் இடம்பிடித்திருந்த அதே ஆண்டுகளில், பாலத்தின்மேல் போன லாரி ஓட்டுநர்களுக்கு அது வேறு காரணத்துக்காகப் பேர்போன இடமாகிவிட்டிருந்தது. பல மணி நேரம் நகராத வண்டி வரிசைகளுக்கு அங்கே ‘மகாஜாம்’ என்று பெயர்.

பாலத்தின் நோயைப் புரிந்துகொள்ள அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். தூணுக்குத் தூண் சுமார் 121 மீட்டர் இடைவெளி. அவ்வளவு அகலமான இடைவெளிக்கு ஆற்றின் நடுவில் சாரம் கட்டிக் கான்கிரீட் வார்ப்பது, வெள்ளக் காலத்தில் ஊரளவு அகலமாகிவிடும் கங்கையில் நடக்காத காரியம். ஆகவே தூணின் தலையிலிருந்து இரண்டு பக்கமும் சம அளவில், தராசின் இரு கைகள்போல, பாலத்தை நீட்டிக்கொண்டே போகும் காண்டிலீவர் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. கரையில் முன்கூட்டியே வார்த்த மூன்று மீட்டர் நீளக் கான்கிரீட் பெட்டிகளைக் கொண்டுவந்து, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று எப்பாக்ஸிப் பசை தடவி ஒட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் எஃகு வடங்களை ஓட்டி இழுத்து இறுக்கினார்கள். ஒரு தூணிலிருந்து நீண்ட கை, அடுத்த தூணிலிருந்து நீண்ட கையை நடுவழியில் சந்திக்கும்.

இழுத்து இறுக்கப்பட்ட அந்த வடங்கள்தான் பாலத்தின் உயிர். செங்கல் சூளையில் லாரிக்குக் கல் ஏற்றுபவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஐந்தாறு செங்கற்களை வரிசையாக வைத்து, இரு ஓரத்திலும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, அப்படியே ஒரே பலகைபோலத் தூக்குவார்கள். நடுவில் இருக்கும் கற்களை யாரும் தாங்கவில்லை. ஓரங்களில் இருக்கும் அழுத்தம்தான் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கை சற்றுத் தளர்ந்தால் முதலில் நடுக்கல் இறங்கும், பிறகு எல்லாம் கொட்டும். முன்னழுத்தக் கான்கிரீட்டின் தத்துவமும் இதுவே. கான்கிரீட்டுக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும், இழுவையைத் தாங்கத் தெரியாது. ஆகவே வண்டிகளும் சொந்த எடையும் உண்டாக்கப்போகும் இழுவைக்கு எதிராக, முன்கூட்டியே வடங்களால் அதை அழுத்திவைக்கிறோம். தூணிலிருந்து நீளும் கையில் இழுவை மேற்புறத்தில்தான் வரும் என்பதால் வடங்களும் மேற்புறத்தில்தான் ஓடும். சாலைத் தளத்துக்குச் சற்றுக் கீழே, மழைநீர் முதலில் இறங்கும் அதே இடத்தில் அவை இருக்கின்றன என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு கைகளும் சந்திக்கும் நடுப்புள்ளியில் என்ன செய்வது என்ற கேள்விக்கு அன்றைய வடிவமைப்பாளர்கள் சொன்ன பதில், கதவுக் கீலைப்போல ஒரு மூட்டு. ஒரு கையிலிருந்து நீளும் முனை, மற்ற கையின் முனைக்குள் பேரிங் வழியாக உட்கார்ந்திருக்கும்; வெயிலில் பாலம் நீளும்போதும் குளிரில் சுருங்கும்போதும் முனைகள் முன்னும் பின்னும் நகரலாம், சற்றே திரும்பலாம், ஆனால் ஒன்றைவிட்டு ஒன்று மேலும் கீழும் போகக் கூடாது. இந்த ஏற்பாட்டை முட்டாள்தனம் என்று இன்று சொல்லிவிடுவது எளிது. அந்தக் காலத்துக் காரணங்கள் வலுவானவை. நடுவில் கீல் இருந்தால் ஒவ்வொரு தூணும் அதன் இரண்டு கைகளும் தனித்தனி அமைப்பாகிவிடும், கணினி அரிதாக இருந்த நாட்களில் கணக்கிடுவது சுலபம்; மண் சார்ந்த ஆற்றுப்படுகையில் ஒரு தூண் சில மில்லிமீட்டர் இறங்கினாலும் பக்கத்துத் தூண்களின் கைகள் அதனால் முறுக்கப்படாது. உலகின் பல நாடுகளில் அந்தப் பத்தாண்டுகளில் இப்படியே கட்டினார்கள்.

பிழை வேறிடத்தில் இருந்தது. கான்கிரீட் உறைந்தபின் கல்லைப்போல அசையாமல் இருக்கும் என்று நாம் நினைத்தாலும், தொடர்ந்து அழுத்தத்தில் இருக்கும் கான்கிரீட் பல ஆண்டுகளுக்கு மெல்ல மெல்லக் குறுகிக்கொண்டே போகும். பொறியாளர்கள் இதை ‘க்ரீப்’ என்பார்கள். கான்கிரீட் குறுகினால் அதற்குள் இறுக்கமாக இழுபட்டிருக்கும் வடம் தளரும். வடத்தின் எஃகும் தன் பங்குக்குக் காலப்போக்கில் சற்று நெகிழும். செங்கல் தூக்குபவரின் கை நாளுக்கு நாள் தளர்வதைப்போலத்தான் இது. கையின் முனை கீழே இறங்குகிறது. நடுவில் தொடர்ச்சியான விட்டம் இருந்திருந்தால் அது இந்த இறக்கத்தை ஓரளவு பிடித்து நிறுத்தியிருக்கும்; கீலுக்கு அந்த வலு கிடையாது. அதன் வேலையே திரும்பிக்கொடுப்பது. விளைவாக ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் சாலை ‘வி’ எழுத்தைப்போல மடிந்து, மேடும் பள்ளமுமாகப் பாலமே அலைபோலத் தெரியத் தொடங்கியது.

அதன் பிறகு நடப்பதெல்லாம் ஒன்று இன்னொன்றை வளர்க்கும் கதைதான். மடிப்பில் வந்து விழும் லாரியின் சக்கரம் பேரிங்கைச் சம்மட்டிபோல அடிக்கிறது. பேரிங் தேய்கிறது, முனைகளுக்கு இடையே ஆட்டம் கூடுகிறது, அடி இன்னும் பலமாகிறது. இடைவெளியை மூடியிருந்த எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் பிய்ந்து, மழைநீர் நேரே உள்ளே இறங்குகிறது. வடங்கள் ஓடும் குழாய்களுக்குள் சிமெண்ட் பாலை முழுமையாக நிரப்பாமல் விட்ட இடங்களில் நீர் தேங்கினால் எஃகு துருப்பிடிக்கும். துருப்பிடித்த வடத்தில் மிச்சமிருக்கும் இழைகள் இன்னும் அதிகச் சுமையை ஏற்கும். வடக்கு பீகாருக்கும் நேபாளத்துக்கும் போகும் சரக்கில் பெரும்பகுதி இந்த ஒரு பாலத்தின் வழியாகப் போனதையும், மணலும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் அனுமதித்த எடையோடு நிற்பதில்லை என்ற ஊரறிந்த உண்மையையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு முழுமையாகும்.

இதே நோயின் மிகக் கொடிய வடிவம் பசிபிக் தீவு நாடான பலாவில் நடந்தது. கோரோர் தீவையும் பபெல்டாப் தீவையும் இணைத்து 1977இல் கட்டிய பாலத்தின் நடு இடைவெளி 241 மீட்டர். அதிலும் நடுவில் கீல்தான். பதினெட்டு ஆண்டுகளில் நடுப்பகுதி ஒரு மீட்டருக்கும் மேல் தொங்கிவிட்டது. கீலை அடைத்துத் தொடர் விட்டமாக்கி, கூடுதல் வடங்கள் ஓட்டிப் பழுதுபார்த்தார்கள். பழுதுபார்த்து மூன்று மாதம்கூட நிறைவதற்கு முன், 1996 செப்டம்பர் 26 அன்று, பாலம் திடீரென்று நீரில் விழுந்து இருவர் இறந்தார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டெனெக் பசாந்த் பின்னாளில் அந்தப் பாலத்தின் அளவீடுகளை வெளிக்கொணரச் செய்து ஆராய்ந்தபோது, வடிவமைப்பில் பயன்படுத்திய வாய்ப்பாடுகள் நீண்டகாலக் குறுகலைப் பெரிதும் குறைத்து மதிப்பிட்டிருந்தன என்பது தெளிவானது. பழுதுபார்ப்பதே ஆபத்தாக முடியலாம் என்ற பாடம் அந்த வகைப் பாலங்களை வைத்திருந்த எல்லா நாடுகளுக்கும் அங்கிருந்துதான் கிடைத்தது.

பாட்னாவில் அப்படி ஒரு விபத்து நேரவில்லை. அதற்கு விலையாகப் பல ஆண்டுகள் பாலத்தின் ஏதாவது ஒரு பகுதி எப்போதும் மூடியே இருந்தது. நான்கு வழிப் பாலம் பெயருக்கு மட்டுமே நான்கு வழியாக இருந்தது. ஒரு கீலைச் சரிசெய்து முடிப்பதற்குள் இன்னொன்று கெடும். நாற்பதுக்கும் மேற்பட்ட இடைவெளிகள், இரண்டு பாதிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கீல் என்று கணக்குப் போட்டால், இந்தப் பழுதுபார்ப்பு முடிவே இல்லாதது என்று புரிந்துகொள்ளப் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை.

முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் அடிப்படையான உண்மை ஒன்று உதவியது. கெட்டுப்போனது மேற்பகுதி, கீழே இருந்தவை கெடவில்லை. கங்கைச் சமவெளியில் பாறை எட்டாத ஆழத்தில் இருக்கிறது. ஆகவே இங்கே பாலங்களுக்குக் கிணற்று அடித்தளம்தான் போடுவார்கள். ஆற்றுமணலின்மேல் உறைகிணறுபோன்ற பெரிய கான்கிரீட் வளையத்தைக் கட்டி, உள்ளே இருக்கும் மணலைத் தோண்டத் தோண்ட அது தன் எடையாலேயே இறங்கும். மேலே வளையத்தை உயர்த்திக்கொண்டே, போதுமான ஆழம் வரும்வரை இறக்கி, அடியைக் கான்கிரீட்டால் அடைப்பார்கள். தாமிரபரணிக் கரையிலோ காவிரிக் கரையிலோ உறைகிணறு இறக்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல, அளவுதான் வேறு. பெரிய ஆற்றில் பாலம் கட்டும் செலவிலும் காலத்திலும் பெரும்பங்கை இந்த வேலையே விழுங்கிவிடும். ஆண்டில் வெள்ளம் இல்லாத ஏழெட்டு மாதங்களில் மட்டுமே செய்ய முடிந்த வேலை என்பதும் இதற்குக் காரணம். நன்றாக இருக்கும் கிணறுகளைக் கைவிட்டு, பக்கத்தில் புதிதாக இறக்கிக்கொண்டிருந்தால் இன்னொரு பத்தாண்டு போயிருக்கும்.

ஆனால் பழைய அடித்தளத்தின்மேல் புதிதாக எதை வைத்தாலும் அது பழையதைவிடக் கனமாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. கான்கிரீட் பாலத்தின் பலத்தில் பெரும்பகுதி தன்னைத்தானே சுமப்பதற்கே செலவாகிறது. ஒரு கனமீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ இரண்டரை டன், 121 மீட்டர் இடைவெளியில் அதன்மேல் ஓடும் லாரிகளின் எடை அதற்கு முன் அற்பம். அதே இடைவெளிக்கு முக்கோணங்களாகக் கோத்த எஃகு டிரஸ்ஸை வைத்து, அதன்மேல் மெல்லிய கான்கிரீட் தளத்தை மட்டும் போட்டால் மொத்த எடை வெகுவாகக் குறைந்துவிடும். நிலநடுக்க வாய்ப்பு அதிகமுள்ள நான்காம் மண்டலத்தில் இருக்கும் நகரம் பாட்னா. 1934 பீகார் நிலநடுக்கத்தை அந்த மண் மறக்கவில்லை. தூணின் தலையில் உள்ள சுமை குறைந்தால் பூமி அசையும்போது தூணை உலுக்கும் விசையும் குறையும் என்பது இந்தத் தேர்வுக்குக் கிடைத்த கூடுதல் லாபம். ஏறத்தாழ 1,742 கோடி ரூபாய் மதிப்பிலான இந்தத் திட்டத்தை இந்தியாவின் ஆஃப்கான்ஸ் நிறுவனமும் ரஷ்யாவின் சிப்மோஸ்ட் நிறுவனமும் சேர்ந்து எடுத்துச் செய்தன.

கட்டுவதைவிட இடிப்பதில்தான் இங்கே பொறியியல் அதிகம் என்பது என் கருத்து. இடிப்பு என்றதும் வெடிவைத்துச் சில நொடிகளில் தூசுமண்டலமாக்கும் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. இங்கே அது மூன்று காரணங்களால் முடியாது. அடியில் இருக்கும் தூணும் கிணறும் கீறல் இல்லாமல் மிஞ்ச வேண்டும். சில மீட்டர் பக்கத்தில் பாலத்தின் மறுபாதியில் பேருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும். விழும் கான்கிரீட் கங்கைக்குள் போகக் கூடாது. ஆகவே கட்டிய வரிசையை அப்படியே பின்னோக்கி நடத்த வேண்டும். முனையில் கடைசியாக ஒட்டிய பெட்டி முதலில் கழற்றப்படும். இடக்கையில் ஒரு துண்டு எடுத்தால் வலக்கையிலும் ஒரு துண்டு எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடை குறைந்தால் தராசுத்தட்டைப்போலத் தூண் மறுபக்கம் சாயப் பார்க்கும். நேராக நின்று சுமக்கவென்று கட்டிய தூணுக்குப் பக்கவாட்டு முறுக்கு பகை.

அறுப்பதற்குப் பயன்பட்ட கருவியை அருகில் நின்று பார்த்தால் அது ரம்பம் என்றே தோன்றாது. விரல் பருமனுக்கும் குறைவான எஃகுக் கம்பியில், மணிமாலைபோல இடைவெளி விட்டுச் சிறு உலோக மணிகள் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மணியின் மேற்பரப்பிலும் தொழிற்கூட வைரத்துகள் பதிந்திருக்கும். வெட்ட வேண்டிய கான்கிரீட்டைச் சுற்றி அந்த மாலையை வளைத்து, கப்பிகள் வழியாக மோட்டாரில் மாட்டி வேகமாகச் சுழற்றினால், கயிற்றால் வெண்ணெயை அறுப்பதுபோல, ஆனால் மணிக்கணக்கில், கான்கிரீட்டையும் உள்ளே இருக்கும் எஃகையும் சேர்த்தே அது அறுத்துக்கொண்டு போகும். சூடு ஏறாமலிருக்க நீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். சாம்பல்நிறச் சேறு வழிந்துகொண்டே இருக்கும். அதிர்வு இல்லை, அதுதான் இதன் சிறப்பு. சுத்தியல் வைத்து உடைத்திருந்தால் அந்த அதிர்ச்சி கீழே தூணுக்கும் போயிருக்கும்.

அறுக்கும்போது பயப்பட வேண்டியது வடத்தைத்தான். பல டன் விசையில் இழுபட்டிருக்கும் வடம், குழாய்க்குள் சிமெண்ட் நிரம்பியிருந்தால் வெட்டப்பட்ட இடத்தைத் தவிர மற்ற இடங்களில் கான்கிரீட்டைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டிருக்கும். நிரம்பாமல் காலியாக இருந்தால் வில்நாண் அறுந்ததுபோல் தெறிக்கும். எந்தக் குழாய் நிரம்பியிருக்கிறது, எது இல்லை என்பது வெளியிலிருந்து தெரியாது. மேலும் ஒவ்வொரு துண்டையும் அறுத்தெடுக்கும்போது மிச்சமிருக்கும் கையின் எடை குறைகிறது, ஆனால் அதற்குள் இருக்கும் மற்ற வடங்களின் இறுக்கம் அப்படியே இருக்கிறது. சுமை இருந்தபோது சமநிலையில் இருந்த இறுக்கம், சுமை போனபின் கையை மேல்நோக்கி வளைக்கப் பார்க்கும். இடிக்கும் பணியின் ஒவ்வொரு நாளும் நிற்பது வேறொரு பாலம். அந்த வேறொரு பாலம் நிற்குமா என்று அன்றன்று கணக்குப் பார்த்தாக வேண்டும்.

நிலமும் ஆறும் மாறி மாறி வருவது இந்த இடத்தின் தனித்தன்மை. வெள்ளம் வடிந்தபின் பாலத்தின் பெரும்பகுதிக்கு அடியில் தண்ணீரே இருக்காது. மணல்திட்டும், ‘தியாரா’ என்று அங்குள்ளவர்கள் சொல்லும் வண்டல் நிலமும், ஹாஜிபூர்ப் பக்கம் பேர்பெற்ற வாழைத்தோட்டங்களும்தான் இருக்கும். அங்கெல்லாம் கிரேனைத் தரையில் நிறுத்தி வேலை செய்யலாம். ஓடுநீர் இருக்கும் இடைவெளிகளில் அந்த வசதி கிடையாது. ஜூன் மாதம் பிறந்துவிட்டால் இரண்டுக்கும் வேறுபாடில்லை, எல்லாமே ஆறு.

இதற்கிடையில் மக்கள் போக வேண்டுமே. ஒரு பாதியை மூடி இடித்துக் கட்டி, திறந்தபின் மறுபாதியை மூடுவது என்ற ஏற்பாட்டில், ஏற்கெனவே நொந்துபோயிருந்த கிழக்குப் பாதி சில ஆண்டுகள் இருவழிப் போக்குவரத்தையும் சுமக்க வேண்டியிருந்தது. கனரக வண்டிகள் மற்ற பாலங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. திகாவையும் சோன்பூரையும் இணைக்கும் ஜே.பி. சேதுவும், ஆராவையும் சப்ராவையும் இணைக்கும் வீர் குன்வர் சிங் சேதுவும் 2017 ஜூனில் ஒரே நாளில் வண்டிப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டதும் இந்த இடிப்புப் பணி வேகம் பிடித்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தவை. அந்த இரண்டும் வராமல் சேதுவில் கை வைத்திருக்கவே முடியாது. சிறிய வண்டிகளுக்காகக் காய்காட் அருகே ‘பீப்பா புல்’ என்னும் மிதவைப் பாலம் போடப்பட்டது. பெரிய இரும்பு உருளைகளை வரிசையாக மிதக்கவிட்டு, சங்கிலியால் பிணைத்து, மேலே பலகை பரப்பிய பாதை அது; மழைக்காலம் வந்தால் கழற்றிக் கரையேற்றிவிட்டு, வெள்ளம் வடிந்ததும் மறுபடி கோப்பார்கள். எஃகு டிரஸ் ஏறும் பாலத்தின் பக்கத்தில் இப்படியொரு பழங்கால ஏற்பாடு வண்டிகளைச் சுமந்துகொண்டிருந்தது.

மேற்குப் பாதி 2020 ஜூலை 31 அன்றும், கிழக்குப் பாதி 2022 ஜூன் 7 அன்றும் திறக்கப்பட்டன. ஏறியிருக்கும் எஃகின் அளவு 66,000 டன்னுக்கும் மேல். துண்டுகளைத் தொழிற்கூடத்தில் வெட்டித் துளையிட்டு, பாலத்தின்மேல் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கிச் சேர்த்தார்கள். பழைய பாலத்தில் கெட்டது எது, நல்லது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லாமல் வடங்கள் கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்தன. புதியதில் ஒவ்வொரு உறுப்பும் வெளியே தெரிகிறது. தட்டிப் பார்க்கலாம், வண்ணம் உரிந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்கலாம், தேவையானால் ஓர் உறுப்பைக் கழற்றி வேறொன்று மாட்டலாம்.

ஆனால் எஃகுக்கும் அதற்கென்று ஒரு நோய் உண்டு. ஜெர்மனியில் ரைன் நதியின்மேல் ஏ1 நெடுஞ்சாலையைச் சுமந்த லெவர்குசன் பாலம் 1965இல் திறக்கப்பட்ட எஃகுப் பாலம். நடு இடைவெளி 280 மீட்டர். கட்டியபோது கற்பனை செய்ததைவிடப் பல மடங்கு கனரக வண்டிகள் அதன்மேல் ஓடின. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்த கம்பி ஒடிவதைப்போல, ஒவ்வொரு லாரியும் கொடுத்த சிறு வளைவு சேர்ந்து பற்றவைப்புகளில் விரிசல்களாயிற்று. 2012 இறுதியில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தடை விதித்தார்கள். தடையை மீறி வந்துகொண்டே இருந்த லாரிகளைத் தடுக்க 2016இல் நுழைவாயிலில் கேட்டே போட வேண்டிவந்தது. அங்கே அடித்தளத்தைக் காப்பாற்றும் பேச்சு இல்லை. பழைய பாலத்தின் பக்கத்தில் புதுப் பாலத்தின் ஒரு பாதியை முதலில் கட்டி 2024 பிப்ரவரியில் போக்குவரத்தை அதற்கு மாற்றிவிட்டு, பழையதைத் துண்டு துண்டாகக் கழற்றி, அது நின்ற இடத்திலேயே மறுபாதியைக் கட்டுவது என்பது திட்டம். பாட்னாவில் செய்ததைத் தலைகீழாகச் செய்தது இது: அங்கே முதலில் இடித்தார்கள், இங்கே முதலில் கட்டினார்கள். பக்கத்தில் இடமும், புது அடித்தளம் போடப் பணமும் இருந்தால் இரண்டாவது வழிதான் மக்களுக்கு நிம்மதி.

நம் ஊரில் நடந்தது இந்த இரண்டுக்கும் நேரெதிர். திருச்சியில் திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்துக் கொள்ளிடத்தின்மேல் 1928இல் கட்டிய இரும்புப் பாலத்துக்கு மேற்பகுதியால் பிரச்சினை வரவில்லை. பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி 2016இல் திறந்தபின், பழையது நடைபயிற்சிக்கும் மாலைக் காற்றுக்கும் பயன்படும் இடமாக நின்றுகொண்டிருந்தது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கனஅடி வீதம் வெளியேற்றிய நீர் கொள்ளிடத்தில் பாய்ந்தபோது, நடுவிலிருந்த தூண்கள் சில அடியோடு சாய்ந்தன. அவற்றின்மேல் இருந்த இரும்புச் சட்டங்களும் தண்ணீரில் இறங்கின.  மிச்சத்தையும் இடிப்பதைத் தவிர அதன் பிறகு வேறு வழி இல்லாமல் போயிற்று.

ஆற்றின் நடுவில் ஒரு தூண் நின்றால், அதில் மோதும் நீர் கீழ்நோக்கிச் சுழித்துத் தூணின் அடிமணலைத் தோண்டும். மழைக்குப் பிறகு தெருவோர மின்கம்பத்தைச் சுற்றிப் பள்ளம் விழுவதைப்போன்ற விஷயம்தான் இது. தோண்டப்படும் ஆழத்தைக் கணக்கிட்டு, அதற்கும் கீழே அடித்தளத்தை இறக்குவார்கள். ஆனால் அந்தக் கணக்கு, படுகையின் மட்டம் கட்டிய நாளில் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பிப் போட்டது. மேலே அணைகள் மணலைத் தடுத்துவிட்டன; கீழே பல ஆண்டுகளாக அள்ளப்பட்ட மணலைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. படுகை தாழ்ந்தால் அடித்தளத்தைப் பற்றியிருக்கும் மண்ணின் உயரம் குறையும், மேலே இருக்கும் பாலத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. புதுப் பாலமும் இதிலிருந்து தப்பவில்லை. அதன் தூண்களைக் காக்கக் கட்டிய தடுப்புச்சுவரின் ஒரு பகுதியை 2024 ஆகஸ்டில் வந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று.

கொள்ளிடத்தைப் பார்த்தபின் பாட்னாவின் பழைய தூண்களைப் பார்க்கும் பார்வை சற்று மாறுகிறது. எஃகுச் சட்டத்தின் வண்ணத்தையும் போல்ட்டையும் மேலே நடந்து பார்த்துவிடலாம். நாற்பதாண்டு வெள்ளங்களைத் தாங்கிய கிணறுகளைச் சுற்றிய மணல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் வெள்ளத்தின்போதும் வடிந்தபின்னும் படகிலிருந்து அளந்தால்தான் தெரியும். சேதுவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு நான்கு வழிப் பாலத்துக்கு 2020 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் தூண்களும் அதே ஓட்டத்தில்தான் இறங்க வேண்டும். அவை நீரைச் சற்றே திருப்பிவிட்டாலும் அந்தச் சுழி போய் மோதும் இடங்களில் சேதுவின் பழைய கிணறுகளும் இருக்கின்றன.